விழுந்தால் எத்தனை கிலோ

சத்துவாச்சாரி ஷோரூமில் தணிகைவேல்
குதிரைத்திறன் சொல்லிக்கொண்டிருந்தான்.
நான் கேட்டது,
விழுந்தால் எத்தனை கிலோ.

"விழாது மேடம்" என்றான்.
வெளியே ஏப்ரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சர்வீஸ் ரோட்டுத் தார்
யாரோ நிறுத்திய ஸ்கூட்டரின் ஸ்டாண்டை
மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது.

ராணிப்பேட்டையில் தோல் தடிமன் அளப்பவள் நான்.
ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி நான்கு.
மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று கூடினாலும்
இத்தாலிக்காரன் திருப்பி அனுப்புவான்.
வெறும் "லைட் வெயிட்" என்கிற சொல்லை
எண் இல்லாமல் நம்புகிற வழக்கமில்லை.

என் உயரம் நாலடி பதினொன்று. எடை ஐம்பத்திரண்டு,
மதியம் பிரியாணியென்றால் ஐம்பத்துமூன்று.

போக வேண்டியது கட்ச்.
எங்கள் கிடங்கில் இறங்குகிற உப்பு மூட்டையெல்லாம்
காந்திதாம் காந்திதாம் என்று
நீல மையில் சொல்லிக்கொண்டு வருகிறது, பதினாறு வருஷமாய்.
அதில் முதல் ஆறு வருஷம்
பச்சைத்தோல் அழுகாமலிருக்க அள்ளிப் போட்டு
நகக்கண் வெடித்த விரல்களுக்கு
அது கிடக்கிற இடத்தைக் காட்ட வேண்டும்.
வேறு காரணம் கேட்டால் இல்லை.

பெரிய வண்டி. இருபத்தொரு லிட்டர் டேங்க்,
நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ.
காட்பாடி மெக்கானிக் எபனேசர்
மச்சானுடையதைக் கேட்டு வாங்கி வந்தான்.
ஞாயிறு காலை பாலாற்றுக்குள் இறக்கினோம்.
தண்ணீர் இல்லாத ஆறு இதற்காவது உதவட்டும்.

பாலத்துக்குக் கீழே மணலில்
நானே சாய்த்தேன்.
ஒருக்களித்துப் படுத்து, பெட்ரோல் வடித்துக்கொண்டு,
சினை எருமை மாதிரி என்னைப் பார்த்தது.
முதுகைக் கொடுத்தேன், முட்டியைக் கொடுத்தேன்,
கெங்கையம்மனுக்குக் கூழ் கொடுப்பதாகச் சொன்னேன்.
அசையவில்லை.

கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த மூன்று பையன்கள்
மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.
"தள்ளிக்கோக்கா" என்றான் குட்டையானவன்.
நிறுத்திவிட்டு
அதன்மேல் உட்கார்ந்து செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள்.

அங்கேயே முடிவாகிவிட்டது.
உப்பு வெளியில் பையன்கள் இருக்க மாட்டார்கள்.

சின்னது நூற்று முப்பத்தொன்பது.
முதல் தடவை ஹேண்டில்பாரைத் தப்பாகப் பிடித்தேன்.
இரண்டாவது, மணல் சறுக்கியது.
மூன்றாவதில், ஈரத்தோல் அடுக்கைத் தூக்குகிறபடி
பின்புறத்தைச் சீட்டில் ஒட்டிக் குந்தி
காலால் பூமியைத் தள்ள,
எழுந்தது.
எபனேசர் கைதட்டவில்லை. "இன்னொரு வாட்டி" என்றான்.
ஏழு முறை.
எட்டாவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் டேங்க் ஒன்பதே லிட்டர்.
லிட்டருக்கு முப்பத்தெட்டு கொடுத்தாலும்
முந்நூற்று நாற்பத்திரண்டு,
எதிர்காற்றுக்கு ஐம்பது கழி.
"பதினாலு லிட்டர் டேங்க் மாட்டித்தரேன்" என்கிறான் எபனேசர்.
ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ.
ஐந்துக்கு மூன்றே முக்கால், தகரத்தோடு ஆறு.
ஆறு கிலோ தூரம் வேண்டுமானால்
ஆறு கிலோ என்னிடமிருந்து இறங்க வேண்டும்.

தடிமன் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன்.
கூடாரம் வேண்டாம், வழியெல்லாம் தரம்சாலா உண்டாம்.
இரண்டாவது ஜீன்ஸ் வேண்டாம்.
ட்யூப், பஞ்சர் கிட், செயின் ஆயில் இருக்கட்டும்.
அக்கா கட்டிக்கொடுக்கப் போகும் இட்லிப்பொடி
அரைக் கிலோ. அடித்தேன்.
பிறகு கால் கிலோவாகத் திரும்ப எழுதினேன்.
கடைசியில், ஊர் என்ன சொல்லும், என்றும் எழுதிப் பார்த்தேன்.
எடை போடத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அரை ஷிஃப்ட் சொல்லிவிட்டு
முன்பணம் கட்டப் போனேன்.
"கலர் மேடம்?"
கறுப்பு.
"கறுப்புல அழுக்கு எடுத்துக் காட்டும் மேடம்."
காட்டட்டும். உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறதென்று
நான் பார்க்கணும்.

ரசீதில் திரு. வ. குமுதவல்லி என்று அச்சாகியிருந்தது.
மாற்றித் தருவதாகக் கையை நீட்டினான்.
இருக்கட்டும்,
மதி சேர்த்தால் எடை கூடும் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

ரிசர்வ் எத்தனை லிட்டரென்று கேட்டு,
அவன் சொன்னதை நம்பாமல்
குறித்துக்கொண்டேன்.